குழந்தைக்கு மாற்றாக இரண்டு கார்புரேட்டர்

என் அக்காவின் வீட்டுக்காரனை நான் மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். அதற்கு மேல் மரியாதை தர எனக்கு மனம் வரவில்லை.

அவன் கோலார் தங்க வயலில் பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் லேத் ஓட்டினான். தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் வீடு. அக்கா, மூன்று வயதுப் பெண் குழந்தை, அவனுடைய அம்மா என்று நான்கு பேர். முற்றத்தில் தார்பாய் போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள். அவனுடைய அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை கப்பலேறும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. இரண்டு சிலிண்டர், அதனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரும் இரண்டு. தங்க வயலில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தபோது சுரங்கத் தொழிலாளர்களான எங்கள் லைன் வீடுகளில் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசியதைவிட அந்த வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வண்டி ஓடிய நேரத்தைவிட அவன் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். எங்கள் ஊரில் காற்றடித்தால், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து மாவுபோல மண் பறந்து வரும். அந்த மண்ணும் கலப்பட பெட்ரோலும் சேர்ந்து கார்புரேட்டரை அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டையும் கழற்றி ஒரு அலுமினியத் தட்டில் பெட்ரோலை ஊற்றிப் போடுவான். கழுவுவது அக்கா. அவளுக்கு விரல் ஒல்லி. "உன் வெரலுக்குத்தான்டி இது சரியா வரும்" என்று கல்யாணமான புதிதில் கொஞ்சலாகச் சொல்லித்தான் அவளை உட்கார வைத்தான். பிறகு அது அவள் வேலையாகிவிட்டது. ஜெட் என்று சொல்லும் பித்தளைத் துண்டில் ஊசி முனையளவு ஓட்டை இருக்கும். அதற்குள் கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். அதனால் பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய ஒற்றை இழையை விட்டு, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை கம்பி விட்டதற்காக அவள் கடைவாய்ப் பல் ஒன்று போனது. எங்களிடம் தண்ணீர் பிடிக்கும்போது வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

நான் அப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு கவுன் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அக்கா தரையில். என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தபடி கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். விரலிடுக்கிலிருந்த ஜெட் நழுவி, சிமெண்டில் ஒருமுறை துள்ளி, சாக்கடைக்குள் போய்விட்டது.

அவன் கத்தவில்லை. எழுந்து அவள் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பெட்ரோல் தட்டில் அழுத்தினான். அவள் கைகள் இரண்டும் சிமெண்டில் அடித்துக்கொண்டன. நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். திரும்பாமலே முழங்கையால் குத்தினான். என் மூக்கில் ரத்தம். அவனுடைய அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் அக்காவை விட்டுவிட்டு, "தேடி எட்றி" என்றான். கண் திறக்க முடியாமல், இருமிக்கொண்டே, அவள் சாக்கடையில் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். கிடைக்கும்வரை அவன் அங்கேயே நின்றான். கிடைத்ததும் அதை வாங்கிக் கழுவி வண்டியில் மாட்டினான். வண்டியை உதைத்துக் கிளப்பி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டு, "இப்ப பார்றி, சக்கர மாதிரி ஓடுது" என்றான். என்னிடம்தான் சொன்னான்.

"வாக்கா, போலாம்" என்றேன். "நீ போ. நான் வர்றேன்" என்றாள்.

மறுநாள் வந்தாள். அன்று காலை அவனுடைய அம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு பங்காருப்பேட்டையில் இருந்த மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் நடந்து ஷிப்டுக்குப் போய்விட்டான். தொழிற்சாலை கேட்டில் தூசி என்று வண்டியை வேலைக்கு எடுத்துப்போக மாட்டான். அக்கா தனியாக இருந்தாள். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, பழைய புடவையில் சுற்றி, கூடையில் வைத்துக்கொண்டு, ஊரிகத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். வீடு முழுக்கப் பெட்ரோல் வாசனை.

"இத்த ஏன்டி தூக்கினு வந்த?" என்று அம்மா கேட்டாள்.

"பின்னாடியே வண்டில வந்துடுவாருன்னு கழட்டனேன்" என்றாள் அக்கா. கூடையைக் கீழே வைத்து, "இது நம்மகிட்ட இருந்தாத்தான் பாப்பாவத் தருவாரு" என்றாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப்பகுதியே தெரியாமல் சிவந்திருந்தன. சுரங்கத்தில் லெவலுக்கு லெவல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. கை நீட்டும் மனிதர். அம்மாவும் நாங்களும் அவரிடம் வாங்கியது கொஞ்சமில்லை. அக்கா இதற்கு முன் இரண்டு முறை வந்தபோது, "குடும்பம்னா இருக்கும்" என்று அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர். அன்று எழுந்து கூடையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

சாயங்காலம் அவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கதவை உதைத்ததில் தாழ்ப்பாள் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வாசலருகில் நின்ற என் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு, "எங்கடி அது?" என்றான். அக்காவைக் கேட்கவில்லை, அவளைக் கூட்டிப்போகவும் வரவில்லை. கார்புரேட்டர் எங்கே என்றுதான் கேட்டான். கூட வந்தவர்களில் ஒருவன் அரிசிப் பானையைக் கவிழ்த்தான். அம்மா அந்த ஆளின் முதுகில் கரண்டியால் அடித்தாள். அந்த ஆள் அம்மாவைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான்.

அப்பா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். ஈரத் துண்டோடு உள்ளே வந்து, கட்டிலுக்கடியிலிருந்து கைக்கு வந்த ஒரு கார்புரேட்டரை எடுத்து, "இந்தாடா உன் பொண்டாட்டி" என்று அவன் முகத்தைப் பார்த்து வீசினார். புருவத்தில் பட்டுத் தெறித்து, வாசலைத் தாண்டி, தெருச் சாக்கடையின் கல் விளிம்பில் போய் மோதியது. அவன் நெற்றியிலிருந்து ரத்தம் கொட்டியது. அதைத் துடைக்கவில்லை. என் சடையை விட்டுவிட்டு, தெருவுக்கு ஓடி, மண்டியிட்டு அதை எடுக்கப் போனான். அக்கா முந்திக்கொண்டு அதன் மேல் காலை வைத்தாள். அவன் அவள் பாதத்தைக் கல்லால் குத்தினான். அவள் காலை எடுக்கவில்லை. அதற்குள் லைனில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூட வந்தவர்களில் ஒருவனை அவர்கள் விட்டபோது அவனால் நிற்க முடியவில்லை.

போகும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "கொழந்தைய மறந்துடு."

அப்பாவுடைய தொழிற்சங்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இரண்டு பக்கமும் மதிக்கிற ஆள். அவர் போய்ப் பேசினார். அவன் சொல்லி அனுப்பிய நிபந்தனை இதுதான்: கார்புரேட்டர் இரண்டும் எப்படி இருந்தனவோ அப்படியே வர வேண்டும். வண்டியில் மாட்டி, முன்பு ஓடியதுபோல ஓட வேண்டும். ஓடினால் குழந்தையைக் கூட்டிப்போகலாம்.

"மெக்கானிக்கு யார்னா பார்க்கலாமா?" என்றார் பெரியவர்.

"வேணாம். நானே பண்றேன்" என்றாள் அக்கா. அவள் பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது.

அடுப்படியில் சாக்கை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் அதுவரை ஒரு கார்புரேட்டரின் உள்ளே பார்த்ததில்லை. அடிபடாத ஒன்று சாதாரணமாகக் கழுவினால் போதும் என்றாள். மற்றதைப் பிரித்துச் சாக்கில் வரிசையாக வைத்தாள். என்ஜினோடு சேர்ந்து உட்காரும் தட்டையான முகம் வளைந்திருந்தது. உள்ளே ஏறி இறங்கும் ஊசி கோணியிருந்தது. பெட்ரோலில் மிதக்கும் பித்தளைக் குப்பி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. குலுக்கினால் உள்ளே சளக் சளக் என்றது.

"ஓட்ட விழுந்துருச்சு. பெட்ரோல் உள்ள பூந்துருச்சு. மெதக்காது" என்றாள். "மெதக்கலன்னா?" என்றேன். "பெட்ரோலு நிக்காம வழியும். வண்டி மூச்சு முட்டிச் செத்துரும்."

ஒரு குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, குப்பியை இடுக்கியால் பிடித்து முக்கினாள். நசுங்கிய இடத்துக்குப் பக்கத்திலிருந்து நூல்போலக் குமிழிகள் வந்தன. அங்கே ஆணியால் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்தாள். உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்க வெளியேறும்வரை திரும்பத் திரும்ப முக்கினாள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஈயம் பற்றவைக்கும்போது வெடித்துக் கையே போய்விடும் என்றாள். பிறகு நசுங்கலின் நடுவில் ஒரு கம்பியை ஈயத்தால் ஒட்டி, குறடால் மெதுவாக இழுத்தாள். பித்தளை டொக்கென்று மேலே வந்தது. கம்பியை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்தாள். மறுபடி வெந்நீரில் போட்டோம். குமிழி வரவில்லை.

வளைந்த முகத்தைச் சரிசெய்ய அப்பா எங்கிருந்தோ ஒரு ஜன்னல் கண்ணாடியும் மெல்லிய உப்புத்தாளும் கொண்டுவந்தார். கண்ணாடி மேல் தாளை விரித்து, எட்டு போடுவதுபோல கார்புரேட்டரைத் தேய்க்க வேண்டும். முகம் முழுக்க ஒரே பளபளப்பாக வரும்வரை. ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே காற்றை இழுத்து என்ஜின் தாறுமாறாக ஓடும் என்று அக்கா சொன்னாள். நானும் அப்பாவும் மாறி மாறித் தேய்த்தோம். அவள் அதே கண்ணாடியில் ஊசியை உருட்டி உருட்டி, கோணல் எங்கே என்று பார்த்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி நிமிர்த்தினாள். பேசிக்கொண்டே செய்தாள். எந்த வேலைக்கு எப்போது அடித்தான், எதால் அடித்தான் என்பதையெல்லாம் உப்புப் புளி கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துத்தான் அடிச்சாரு" என்றாள் அக்கா என்னிடம். "அடி மறந்துபோச்சு. இது மறக்கல பாரு."

அது பொய். அடியும் மறக்கவில்லை.

வேலை முடிந்து நாங்கள் குவாட்டர்ஸுக்குப் போனது ஒரு காலை நேரம். அக்கா, அப்பா, நான், சங்கத்துப் பெரியவர். அவன் புருவத்தில் தையலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தார்பாயை விலக்கியிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. அதற்குப் பின்னால் அவனுடைய அம்மாவின் புடவை தெரிந்தது. குழந்தையின் குரல் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தாள்.

அந்த வண்டியில் காற்று வடிகட்டி கிடையாது. எப்போதோ உடைந்து போனது. மாட்டியபின் இரண்டு கார்புரேட்டரின் வாயும் சீட்டுக்கடியில் பின்பக்கம் பார்த்துத் திறந்தே இருக்கும். அதனால்தான் வண்டி ஓடும்போது முற்றத்தில் யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று சத்தம் போடுவான்.

கார்புரேட்டர் மேலிருந்த குமிழை அமுக்கி, பெட்ரோல் உள்ளே ஏறுகிறதா என்று பார்த்து, "ஒதைங்க" என்றாள். அவன் உதைத்தான். முதலில் கிக்கர் பின்னுக்கு அடித்தது. மறுபடி உதைத்ததும் பிடித்துக்கொண்டது. அக்கா ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பக்கம் கால் திருகு, மறுபக்கம் கால் திருகு என்று திருப்பி, இரண்டு புகைக்குழாய்களிலிருந்தும் ஒரே சீராகச் சத்தம் வரும்வரை விடவில்லை. அவன் முகம் மாறியது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை.

"சரிப்பா. வண்டி ஓடிச்சு. கொழந்தைய அனுப்பு" என்றார் பெரியவர்.

"இன்னாத்துக்கு? எங்கூட்டுக் கொழந்த எங்கூட்டுலதான் இருக்கும். இவளும் வேணா இருக்கட்டும். நீங்கள்லாம் காப்பி சாப்ட்டுப் போங்க."

"பேசுனது இன்னா, நீ சொல்றது இன்னா?" என்று அப்பா முன்னால் போனார். அவன் ஸ்டூலுக்கடியிலிருந்த நீள ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

அக்கா எழுந்திருக்கவில்லை. வலது கையால் எட்டி ஆக்சிலேட்டரைப் பிடித்தாள். இடது கையால் தரையிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். முற்றமெல்லாம் மேட்டிலிருந்து வந்த மண்தான். பாறையை அரைத்த பொடி. அந்தக் கையை கார்புரேட்டரின் திறந்த வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த" என்று கூப்பிட்டாள். "பாப்பாவ இட்டுகினு வாங்க."

"கைல இன்னாடி?" என்றான் அவன்.

"மண்ணு. கிட்ட வந்தீங்கன்னா உள்ள போவும்."

யாரும் அசையவில்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு முழுக்கத் திறந்தது. அவனுடைய அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். மகனைப் பார்த்தாள். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு வந்து, குழந்தையை என் கையில் கொடுத்தாள். "போம்மா. நிக்காத" என்றாள்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் ஓடினேன். பின்னால் அறைகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவன் அடித்தது அவனுடைய அம்மாவை. அவள் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்து ரத்தம். அக்கா அவளைப் பார்த்தாள். நாங்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது. மண்ணைக் கீழே கொட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி, ஒரு வாயில் பாதி, மறுவாயில் பாதி என்று கையை விரித்தாள்.

என்ஜின் அதை அப்படியே உறிஞ்சியது. கத்தியது. உள்ளே ஏறி இறங்கிக் காற்றைத் திறந்து மூடும் ஸ்லைடுகள் மண்ணில் சிக்கி மேலேயே நின்றுவிட்டன. அக்கா கையை எடுத்தபிறகும் வேகம் குறையவில்லை. கண்ணாடியைக் கல்லால் கீறுவதுபோல ஒரு சத்தம். வண்டி ஸ்டாண்டோடு நடுங்கியது. அவன் வண்டியிடம் ஓடினான், பிறகு திரும்பி ஸ்பேனரை ஓங்கி அக்காவின் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்ததை அந்தச் சத்தத்திலும் நான் கேட்டேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டாவது அடி விழுமுன் அப்பா துண்டை அவன் கழுத்தில் போட்டுப் பின்னால் இழுத்துச் சாய்த்தார். அவன் கால்கள் உதைத்துக்கொண்டன. முகம் கறுத்தது. பெரியவர் அப்பாவின் கைகளைப் பிரிக்க முடியாமல் கடைசியில் கடித்துத்தான் விலக்கினார். அதற்குள் என்ஜின் டமாரென்று ஒரு அடி அடித்து நின்றுவிட்டது. புகை மட்டும் வந்தது. குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் அழுதது.

அந்த என்ஜின் கத்தியது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ், இரண்டு பக்கப் புகார், கோர்ட்டு. மண்ணைப் போட்டது யார் என்று கேட்டபோது அக்கா, "நான்தான்" என்றாள். அவனுடைய அம்மா, குழந்தையைத் தன் கையால் கொடுத்ததாகவே சாட்சி சொல்லிவிட்டு, பங்காருப்பேட்டையில் மகளோடு போய் இருந்துகொண்டாள். விவாகரத்து ஆக ரொம்ப நாள் பிடித்தது. அவன் அந்த என்ஜினைப் பிரித்துப் போட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அக்காவின் தோள் எலும்பு கோணலாகத்தான் கூடியது. சுரங்கம் மூடிய வருஷம் அவள் பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள். விடியற்கால ரயிலில் போய் இருட்டியபின் வருவாள்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. பகலெல்லாம் வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பில் உப்பு அதிகம் என்று தட்டைத் தூக்கி அம்மா மேல் எறிந்தார். சோறு அம்மாவின் தலையெல்லாம் சிதறியது. குழந்தை சாப்பிடுவதை நிறுத்தியது. அக்கா எழுந்தாள். தட்டை எடுத்து, மறுபடி சோறு போட்டு, குழம்பு ஊற்றி, வெளியே கொண்டுபோய் வாசல் படியில் வைத்தாள்.

"நைனா, இனிமே நீ இங்க உக்காந்து துன்னு" என்றாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு போய்ப் படியில் உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே அம்மா தலையிலிருந்து சோற்றைப் பொறுக்கிக்கொண்டே, "அந்தாளுக்குத் தண்ணி வெக்கலியேடி" என்றாள். அக்கா குழந்தைக்கு அடுத்த வாய் உருட்டினாள். தண்ணீரை அம்மாவே எடுத்துப் போனாள்.